மருதனார்மடத்து வளவில் ஒரு வாசனை வங்கி: துளசி முதல் இரம்பை வரை முழுமையான வழிகாட்டி

உங்கள் வளவில் நிற்கும் துளசியில் ஓர் இலையைக் கசக்கி மணந்து பாருங்கள். பிறகு நாலு வீடு தள்ளிப் போய் அங்கே நிற்கும் துளசியையும் மணந்து பாருங்கள். ஒன்று கராம்பு மணக்கும். மற்றது அவ்வளவாகக் கராம்பு மணக்காது, ஆனால் வேறொரு இனிமை இருக்கும். இரண்டும் துளசிதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கராம்புக்கு வாசம் கொடுக்கும் அதே யூஜினோல் சில துளசிகளில் நிறைய இருக்கும், சிலவற்றில் குறைவாக இருக்கும். அந்த வேறுபாடு செடியின் பரம்பரையில் வருவது. செடி போனால் அந்த வாசமும் போகும்.

யாழ்ப்பாணத்து மருதனார்மடம் சந்தைக்குப் போனால் கறிவேப்பிலை, புதினா, மல்லியிலை எல்லாம் பிடி பிடியாகக் கிடைக்கும். அதனால் இவை அழியும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் சந்தைக்கு வருவது விளைச்சல் கூடிய, வாடாமல் தாக்குப்பிடிக்கிற ஒன்றிரண்டு வகை மட்டும். அம்மம்மா வீட்டுக் கிணற்றடியில் நின்ற சின்ன இலைப் புதினா சந்தைக்கு வராது. கிணற்றுக்கு மோட்டர் பூட்டி, வாய்க்காலை மூடி, சீமெந்து போட்ட அன்றே அது போயிருக்கும்.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட செடிகளைக் காப்பாற்ற நினைக்கும் புதியவருக்கு. ஆய்வுகூடம் வேண்டாம், பட்டம் வேண்டாம். ஒரு சின்ன வளவு, சில ஜாம் போத்தல்கள், ஒரு கொப்பி போதும். சேர்ந்தே தொடங்குவோம்.

மரபணு வங்கி என்றால் என்ன?

நாங்கள் பள்ளிக்கூடத்தில் 'பரம்பரையலகு' என்று படித்ததைத்தான் இந்தியப் புத்தகங்கள் 'மரபணு' என்கின்றன. ஒரு பயிரின் பலவகைப் பரம்பரையலகுகளையும் உயிரோடு வைத்திருக்கும் இடமே மரபணு வங்கி. உயிரோடு என்பதுதான் முக்கியம். உலர்ந்த இலையைத் தாளில் ஒட்டி வைப்பது வேறு வேலை, அதை வங்கி என்று சொல்ல முடியாது. வங்கியில் போட்டது திரும்ப எடுத்தால் முளைக்க வேண்டும்.

இலங்கைக்கான பெரிய வங்கி பேராதனைக்குப் பக்கத்தில், கன்னொறுவையில் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் கீழ், யப்பான் அரசின் உதவியோடு 1988இல் உருவான தாவர மரபு வள நிலையம் அது. இந்தியாவில் இதே வேலையைப் புதுடில்லியில் உள்ள தேசிய நிறுவனம் செய்கிறது. மருந்துச் செடிகளுக்கும் வாசனைச் செடிகளுக்கும் என்றே 1959இல் தொடங்கிய ஓர் ஆய்வு நிறுவனமும் லக்னோவில் உண்டு. நோர்வேயின் வடதுருவத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த விதைப் பெட்டகத்தைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

நாம் செய்யப்போவது இவற்றின் குட்டித் தம்பி. ஆனால் படிமுறை ஒன்றுதான்: தேடு, எழுது, எடு, உலர்த்து, அடை, சோதி, பிரதி வை.

முதல் கேள்வி: விதையா, தண்டா, கிழங்கா?

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் பிழை, எல்லாவற்றையும் விதையாகச் சேர்க்க முடியும் என்று நினைப்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு கிண்ணம் நிறையக் கறிவேப்பிலைப் பழம் பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, போத்தலில் அடைத்து, பெருமையோடு பிரிஜ்ஜில் வைத்தேன். ஆறு மாதம் கழித்து விதைத்தபோது ஒன்றுகூட முளைக்கவில்லை. காயவைத்ததுதான் அவற்றைக் கொன்றது.

விதைகள் இரண்டு வகை. ஒருவகை காயக் காய நீண்டநாள் இருக்கும். மற்றது காய்ந்தால் செத்துவிடும், ஈரத்தோடு வைத்தால் முளைத்துவிடும் அல்லது பூஞ்சணம் பிடித்துவிடும். மாங்கொட்டையையும் பலாக்கொட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை இந்த இரண்டாவது வகை. பழத்தோலை நீக்கி, கழுவி, சில நாட்களுக்குள் விதைத்துவிட வேண்டும். அதற்குப் போத்தல் வங்கி இல்லை. மரமாகத்தான் காக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது: விதையே இல்லாதவை அல்லது விதையை நம்ப முடியாதவை. வாசனைச் செடிகளில் இந்தக் கூட்டம்தான் பெரிது. இரம்பை பூப்பதே மிக அரிது, அடியில் வரும் கன்றைப் பிரித்தே உலகம் முழுக்கப் பரவியது. எலுமிச்சம்புல், அதாவது சிங்களத்தில் சேர என்பது, பெரும்பாலும் தூரைப் பிரித்து நடப்படுவது. தோட்டத்து வெட்டிவேரும் அப்படியே. கற்பூரவள்ளி தண்டு நட்டால் வரும். புதினா தரையில் ஓடும் தண்டில் வரும், அதன் விதையை விதைத்தால் தாயைப் போலப் பிள்ளை வராது. வசம்பு கிழங்கு. வசம்பில் விதை கட்டாத மலட்டு வகையும் உண்டு.

அப்படியானால் போத்தலுக்குள் போகக்கூடியவை எவை? துளசி, திருநீற்றுப்பச்சை, கொத்தமல்லி, ஓமம், பெருஞ்சீரகம், வெந்தயம். தொடக்கத்துக்கு இவை போதும்.

ஆகவே நம் வங்கிக்கு இரண்டு அறைகள்: ஒன்று போத்தல், மற்றது பாத்தி. பெரிய வங்கிகளிலும் இதே நிலைதான். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக் கொர்வாலிஸில் உள்ள அரசு நிலையம் புதினா வகைகளைச் சாடிகளில் வளர்த்தே காக்கிறது. வசதி உள்ள இடங்களில் சின்னத் தண்டு நுனியைக் கண்ணாடிக் குழாயில் வளர்ப்பார்கள், அல்லது மறை 196 பாகை செல்சியஸ் திரவ நைதரசனில் உறையவைப்பார்கள். நமக்குக் கிணற்றடி போதும்.

எங்கே தேடுவது?

சந்தையில் தொடங்காதீர்கள். சந்தைச் செடி எங்கே வளர்ந்தது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். கடையில் வாங்கிய மல்லியும் அப்படித்தான். முளைத்தாலும் அதற்கு ஊர் இல்லை. அதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வங்கிக்கு வேண்டாம்.

தேட வேண்டிய இடங்கள் வேறு. முதலில் பழைய வீடுகள், அதிலும் கிணற்றடியும் கோடிப்புறமும். அடுத்தது கோயில் நந்தவனங்கள். மருதனார்மடத்துச் சுற்றுவட்டாரத்திலேயே, இணுவில், உடுவில், சுன்னாகம், உரும்பிராய் என்று நடந்தால், துளசி இல்லாத கோயிலைக் காண்பது கஷ்டம். மூன்றாவது பரம்பரை வைத்தியர்களின் வளவு. சித்த மருத்துவத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகக் கைதடியில் கற்பிக்கிறார்கள். அங்கே படித்த இளைய வைத்தியர் ஒருவர் பழக்கமானால் செடியை அடையாளம் காண்பது பாதி சுலபம்.

கேட்கிற முறையும் முக்கியம். படலையைத் தட்டி "செடி தாங்கோ" என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். "அம்மா, இந்தத் துளசி எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டால் அரை மணி நேரம் கதைப்பார்கள், தேத்தண்ணியும் வரும். அந்தக் கதையில்தான் நமக்குத் தேவையான தகவல் எல்லாம் இருக்கும். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமம் முழுவதும் எழும்பிப் போனபோது எதைக் கொண்டுபோனார்கள், 1996இல் திரும்பி வந்தபோது எது மிஞ்சியிருந்தது, எதைத் தென்மராட்சியிலிருந்து திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று பலரிடமும் ஒரு கதை இருக்கும். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத ஒரு கோடை போதும், ஒரு வீட்டுப் புதினா முடிந்துபோக.

பெயர் எழுதாத பொட்டலம் வேண்டாம்

என்னைக் கேட்டால் வங்கி என்பது பிரிஜ் அல்ல, கொப்பி. நன்றாக உலர்த்தி நன்றாக அடைத்த, ஆனால் என்னவென்று தெரியாத விதையைவிட, பாதி செத்த ஆனால் முழு விபரம் உள்ள விதை மேல். பாதி செத்ததைத் திரும்ப வளர்த்து எடுக்கலாம். மறந்த கதையைத் திரும்ப எடுக்க முடியாது.

ஒவ்வொரு சேகரிப்புக்கும் ஓர் எண் கொடுப்போம். ம.ம. 001, ம.ம. 002 என்று போகலாம். செடி செத்தாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது.

எண்ணுக்கு எதிரே எழுத வேண்டியவை: ஊர்ப் பெயர் (சொன்னவர் சொன்னபடியே), எடுத்த திகதி, இடம் (தொலைபேசியில் வரும் அகலாங்கு நெட்டாங்கோடு), செம்மண்ணா மணலா, கிணற்று நீர் நல்ல தண்ணியா உவரா, எத்தனை செடியிலிருந்து எடுத்தது, அதை என்னத்துக்குப் பாவிக்கிறார்கள். கொடுத்தவரின் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் எழுதுவோம்.

பிறகு வாசம். இதற்குக் கருவி மூக்குத்தான். "கராம்பு", "பெருஞ்சீரகம்", "கற்பூரம்", "தேசிக்காய்த் தோல்" என்று வீட்டில் தெரிந்த பொருளோடு ஒப்பிட்டு எழுதுங்கள். "நல்ல வாசம்" என்று எழுதினால் ஐந்து வருடம் கழித்து உங்களுக்கே ஒன்றும் விளங்காது. காலையில், ஒரே வயது இலையில் மணந்து எழுதினால் ஒப்பிட இலகு.

பெயர்கள் நம்மை ஏமாற்றும். இலங்கையில் பலர் பலூடாவில் போடும் கறுப்பு விதையைக் கசகசா என்பார்கள். அது திருநீற்றுப்பச்சையின் விதை. தமிழ்நாட்டில் கசகசா என்றால் அபினிச் செடியின் வெள்ளை விதை. இரண்டும் எட்ட முடியாத தூரத்துச் சொந்தம். பெயரோடு ஒரு படமும் எடுத்து வையுங்கள்: இலை, பூ, முழுச் செடி.

விதை எடுப்பது

துளசியின் கதிர் அடியிலிருந்து நுனிக்குப் பழுக்கும். அடியில் மூன்றில் இரண்டு பங்கு கபில நிறமானதும் வெட்டலாம். நுனி காயும்வரை காத்திருந்தால் அடி விதை எல்லாம் மண்ணில் கொட்டியிருக்கும். ஒவ்வொரு பூக்கிண்ணத்திலும் நாலு விதை வரை இருக்கும்.

தோட்டத்தில் பல செடிகள் நின்றால் ஒன்றிலிருந்தே எல்லாவற்றையும் எடுக்காமல், முடிந்தால் ஐம்பது செடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வீட்டில் ஒரே ஒரு செடிதான் என்றால் அதுவும் சரி, எழுதி வையுங்கள். காட்டோரத்தில், வேலியோரத்தில் தானாக நிற்பவற்றில் முற்றிய விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடக் கூடாது. அந்தச் செடி தன் இடத்தில் தொடர்வதுதான் முதலாவது வங்கி.

இனி தேனீக்கள். துளசிப் பூவுக்கு அவை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். பச்சைத் துளசியும் கருந்துளசியும் ஒரே இனம் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கலந்துவிடும். அந்த விதையை விதைத்தால் இடைநிற இலையோடு பிள்ளைகள் வரலாம். துளசிக்கும் திருநீற்றுப்பச்சைக்கும் இந்தப் பயம் குறைவு, அவை வேறு வேறு இனங்கள்.

பரிகாரம் சுலபம். பழைய நுளம்பு வலையில் சின்னப் பை தைத்து, பூ விரிய முன்னர் கதிரில் கட்டிவிடுங்கள். தினமும் காலையில் கதிரை மெல்ல ஆட்டிவிட்டால் தன் மகரந்தம் தனக்கே விழும். விதை கொஞ்சம் குறையும், ஆனால் கலப்பு வராது. கொத்தமல்லிக்கு இது சரிவராது, அதற்குப் பூச்சிகளும் பல செடிகளும் வேண்டும். ஆகவே ஒரு வருடத்துக்கு ஒரு மல்லி வகை மட்டும் வளர்ப்போம்.

கதிரைக் காகிதப் பையில் இரண்டு நாள் விட்டு, கையால் கசக்கி, அரிதட்டில் அரித்து, சுளகில் மெல்லப் புடைத்தால் விதை பிரியும். துளசி விதை தூசியைப் போல இலேசானது. பலமாகப் புடைத்தால் விதை போய் உமிதான் மிஞ்சும், அதனால் வாயால் ஊதுவதே நல்லது. துப்புரவாக இருக்கட்டும் என்று தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். திருநீற்றுப்பச்சை விதை தண்ணீர் பட்டவுடன் பலூடாவில் வருவதைப் போலச் சவ்வாக ஊதும். பிறகு அதைச் சேமிக்க முடியாது.

உலர்த்துவது: எல்லாம் இங்கேதான்

விதைக்கு எதிரிகள் இரண்டு, ஈரமும் வெப்பமும். விதை ஆய்வில் ஹரிங்டன் என்பவரின் பெயரில் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: விதையின் ஈரம் 1 வீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பநிலை 5 பாகை குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். 30 பாகை அறையிலிருந்து 5 பாகை பிரிஜ்ஜுக்குப் போனால் ஐந்து படி, அதாவது 32 மடங்கு. ஈரம் 12 வீதத்திலிருந்து 7 வீதத்துக்கு வந்தால் அதுவும் 32 மடங்கு. கைக்கணக்கு என்பதால் அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உலர்த்துவது குளிரவைப்பதற்குச் சமமான பலன் தருகிறது, அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போன நாட்களை நாம் மறக்கவில்லை. நன்றாக உலர்ந்து இறுக அடைத்த விதை அதைத் தாங்கும். ஈர விதை தாங்காது.

முதல் கட்டம், காற்று. சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நிழலில், காகிதத்தில் மெல்லிய படையாகப் பரப்பி ஒரு கிழமை விடுங்கள். சீமெந்துத் தரையில் மத்தியான வெயிலில் போடக் கூடாது, நெல்லுக்குப் பழகிய கை அங்கேதான் போகும். இரவில் உள்ளே எடுத்து மூடிவையுங்கள், இரவு ஈரத்தை விதை திரும்ப உறிஞ்சும்.

இரண்டாம் கட்டம், ஈரமுறிஞ்சி. மாரி காலத்தில் எடுத்த விதைக்கு இது கட்டாயம். சிலிக்கா ஜெல் மணிகளை விதையின் நிறைக்குச் சமமாக எடுத்து, விதையைச் சின்னத் துணிப் பையில் போட்டு, இரண்டையும் ஒரு போத்தலில் இறுக மூடி ஒரு கிழமை வையுங்கள். செம்மஞ்சள் மணி ஈரம் குடித்தால் பச்சையாகும். மெல்லிய சூட்டில் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும், திரும்பப் பாவிக்கலாம். நீலத்திலிருந்து ரோசாவுக்கு மாறும் வகையும் உண்டு. அதன் நிறம் கோபாற்று உப்பினால் வருவது, நச்சு. அதைச் சமையல் சட்டியில் சூடாக்க வேண்டாம், பிள்ளைகள் கையில் கிடைக்கவும் விடவேண்டாம்.

சிலிக்கா ஜெல் இல்லையா? அரிசியை மெல்லிய நெருப்பில் இளஞ்சிவப்பாகும்வரை வறுத்து, சூட்டோடு போத்தலில் போட்டு மூடுங்கள். முற்றாக ஆறிய பிறகு விதைப் பையை உள்ளே வையுங்கள். அரிசி விதையைப் போல மூன்று நாலு மடங்கு இருக்கட்டும். இரண்டு கிழமையில் அரிசியை மாற்றுங்கள்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு சமையலறைச் சோதனை இருக்கிறது. உலர்ந்த தூள் உப்பையும் கொஞ்ச விதையையும் உலர்ந்த போத்தலில் போட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் விதை இன்னும் ஈரம். ஒட்டவில்லை என்பதற்காக வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இது மோசமான ஈரத்தை மட்டும் காட்டும் சோதனை, அதற்குப் பிறகும் ஈரமுறிஞ்சியில் ஒரு கிழமை வேண்டும். சோதித்த விதையை வங்கிக்குத் திரும்பச் சேர்க்காதீர்கள்.

அடைப்பதும் குளிரில் வைப்பதும்

பிளாஸ்ரிக் பை ஈரத்தைத் தடுக்காது, மெல்ல மெல்ல உள்ளே விடும். இறப்பர் வளையம் வைத்த கண்ணாடிப் போத்தல், அல்லது உள்ளே அலுமினியப் படலம் உள்ள, சூட்டில் ஒட்டக்கூடிய உறைதான் வேண்டும். விதையைக் காகித உறையில் போட்டு எண் எழுதி, அதே எண்ணைப் போத்தலுக்கு வெளியேயும் எழுதுங்கள். எழுத்து பென்சிலில் இருக்கட்டும், பேனை மை ஈரத்தில் ஓடும்.

உலக உணவு விவசாய நிறுவனம் 2014இல் வெளியிட்ட தரவிதிப்படி நீண்டகாலச் சேமிப்பு மறை 18 பாகையில், இடைக்காலச் சேமிப்பு 5 முதல் 10 பாகையில். நம் பிரிஜ் இடைக்காலத்துக்குப் போதும். கதவில் வைக்காமல் உள்ளே, பின்பக்கம் வையுங்கள்.

போத்தலை வெளியே எடுத்தவுடன் திறக்கக் கூடாது. குளிர்ந்த விதையில் வெளிக்காற்று பட்டால் ஐஸ் தண்ணிப் போத்தல் வியர்ப்பது போல விதையும் வியர்க்கும். ஒரு நாள் வெளியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். ஒவ்வொரு வகையையும் ஒரே பெரிய உறையில் வைக்காமல் மூன்று நாலு சின்ன உறைகளாகப் பிரித்தால் திறக்கும் தடவை குறையும்.

மல்லி, பெருஞ்சீரகத்துக்குள் சின்ன வண்டுகள் முட்டையிட்டிருக்கலாம். விதை நன்றாக உலர்ந்த பிறகு மூன்று நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் அவை செத்துவிடும். ஈர விதையை உறையவைத்தால் விதையும் சேர்ந்து சாகும்.

முளைக்குமா?

அடைக்க முன்னர் ஒரு தடவை, பிறகு வருடம் ஒருமுறை. ஐம்பது விதையை எண்ணி, ஈரமான கடதாசித் துவாயில் பரப்பி, மூடிய பெட்டியில் யன்னலோரம் வையுங்கள். துளசிக்கு வெளிச்சம் பட்டால் நல்லது, மண்ணால் மூடவேண்டாம். ஏழாம் நாளும் பதினாலாம் நாளும் எண்ணி எழுதுங்கள்.

பெரிய வங்கிகள் பெரும்பாலான பயிர்களுக்கு 85 வீதத்தைத் தொடக்க அளவாக வைத்திருக்கின்றன. வீட்டு விதைக்கு 70 வீதம் வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பாதிக்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது, மிஞ்சியதை உடனே விதைத்து, வலைப் பை கட்டி, புது விதை எடுக்க வேண்டும்.

பாத்தியில் வாழும் வங்கி

ஒவ்வொரு வகையிலும் மூன்று முதல் ஐந்து செடி. ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் ஒன்றையும் வைத்திருக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நம் செம்மண்ணில் எலுமிச்சம்புல்லும் வெட்டிவேரும் கவலையில்லாமல் வரும். கற்பூரவள்ளிக்கு அளவுக்கு மீறி ஊற்றினால் அழுகும். இரம்பைக்கு வாழை நிழல் பிடிக்கும். வசம்பு சேறு கேட்கும் செடி, ஓட்டையில்லாத பழைய பெயின்ற் வாளியில் மண்ணும் தண்ணீருமாக வைக்கலாம்.

புதினா தனித் தனிச் சாடியில்தான், சாடிகளையும் தள்ளித் தள்ளி வையுங்கள். நெருக்கி வைத்தால் ஒரு சாடியிலிருந்து அடுத்த சாடிக்குத் தண்டை நீட்டி இறங்கி, ஆறு மாதத்தில் இரண்டு வகையையும் ஒன்றாக்கிவிடும். பிறகு எது எது என்று மூக்கால்கூடப் பிரிக்க முடியாது. வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னர் புது மண்ணில் திரும்ப நடுங்கள். ஒரே சாடியில் விட்ட புதினா தன் வேராலேயே நெரிந்து போகும்.

பெயர்ப்பலகைக்கு: சோடா ரின்னை வெட்டித் தட்டையாக்கி, எண்ணை ஆணியால் கீறிக் கம்பியில் கட்டுங்கள். மழையும் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. பிளாஸ்ரிக்கில் மார்க்கர் பேனையால் எழுதியது ஒரு பங்குனி வெயிலுக்குத் தாங்காது. அதோடு பாத்தியின் வரைபடம் ஒன்று கொப்பியில் இருக்கட்டும். பெயர்ப்பலகையைக் கோழி கிளறினாலும் வரைபடம் இருக்கும்.

எவ்வளவு செலவாகும்?

பத்து வகையோடு தொடங்க 10,000 ரூபா ஒதுக்குங்கள். இது விலைப்பட்டியல் அல்ல, ஒதுக்கீடு. விலை கடைக்குக் கடை மாறும். பெரும்பங்கு இரண்டுக்குப் போகும்: சிலிக்கா ஜெல்லும், பத்தில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசும். மிச்சத்தில் ஓர் ஈரப்பதமானி, காகித உறைகள், இறப்பர் வளையங்கள். போத்தல், வாளி, நுளம்பு வலை, சோடா ரின் எல்லாம் வீட்டில் கிடப்பவை.

காசு குறைவென்றால் தராசையும் ஜெல்லையும் விட்டுவிட்டு, வறுத்த அரிசியோடும் பாத்தியோடும் தொடங்குங்கள். அப்போது கிட்டத்தட்டச் செலவே இல்லை. பிரிஜ் வாங்க வேண்டாம், வீட்டுப் பிரிஜ்ஜில் ஒரு தட்டு போதும். வீட்டில் அந்தத் தட்டுக்கு அனுமதி வாங்குவதுதான் பெரிய செலவு என்று சொல்வேன்.

நேரம்: வாரத்துக்கு ஒரு மணித்தியாலம். ஆனி, ஆடியில் அதைவிடக் கூடும்.

கவனம்

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் வருகிறது, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வரத் தொடங்கியிருக்கிறது. சொந்தக்காரர் யாராவது ஒரு மரிக்கொழுந்துப் பொட்டலமோ துளசித் தண்டோ கொண்டுவந்தால் ஆசையாகத்தான் இருக்கும். அனுமதி இல்லாமல் கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரண். சட்டத்தை விடுங்கள், அந்த ஒரு தண்டோடு வரும் வைரசும் வேர்ப்புழுவும் பக்கத்துத் தோட்டக்காரரின் வெங்காயத்தையும் மிளகாயையும் சேர்த்துத்தான் கேட்கும்.

வெளியூரிலிருந்து வந்த எந்தச் செடியையும், பக்கத்து ஊராக இருந்தாலும், ஒரு மாதம் மற்றச் செடிகளிலிருந்து தூரத்தில் தனியாக வையுங்கள். தண்டு நடும்போது கத்தியைச் சுடுதண்ணியில் கழுவி அடுத்த வகைக்குப் போங்கள்.

வைத்தியர் சொன்ன மருந்துக் குறிப்பை எழுதுவதற்கு முன் அவரைக் கேளுங்கள். சிலது குடும்பச் சொத்து.

பிரதி: வேறு ஊரில், வேறு கையில்

சிரியாவின் அலெப்போவுக்குப் பக்கத்தில் வறண்ட நிலப் பயிர்களுக்கான பெரிய சர்வதேச வங்கி ஒன்று இருந்தது. போர் வந்தது. அவர்கள் முன்கூட்டியே விதைப் பிரதிகளை ஸ்வால்பார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். 2015இல் அந்தப் பெட்டகத்திலிருந்து முதல் தடவையாக விதை வெளியே எடுக்கப்பட்டது அவர்களுக்காகத்தான். லெபனானிலும் மொரோக்கோவிலும் வளர்த்துப் பெருக்கி, 2017இல் ஒரு பங்கைத் திரும்பவும் அங்கேயே வைத்தார்கள். வலிகாமத்தில் இருக்கிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நம் வேலை: ஒவ்வொரு வகையிலும் ஓர் உறையும் ஒரு சாடியும் வேறு ஊரில் இருக்க வேண்டும். பக்கத்து வீடு கூடாது, ஒரே புயலும் ஒரே வறட்சியும் இரண்டு வீட்டையும் அடிக்கும். சாவகச்சேரியிலோ கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒருவரைப் பிடியுங்கள். அவருடையதை நீங்கள் வையுங்கள், உங்களுடையதை அவர் வைக்கட்டும். கொப்பியின் படத்தையும் அனுப்பிவிடுங்கள்.

அரிதான ஒன்று கிடைத்துவிட்டது என்று தோன்றினால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள விவசாயத் திணைக்கள அலுவலர்களையும் கேட்கலாம். கன்னொறுவைக்கு அனுப்பும் வழியை அவர்கள் சொல்வார்கள். போகும்போது விதையை மட்டும் கொண்டு போகாதீர்கள், எண்ணும் திகதியும் இடமும் வாசமும் எழுதிய கொப்பிப் பக்கத்தின் பிரதியையும் கொண்டு போங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

எப்போது தொடங்கலாம்?

ஆவணியிலோ புரட்டாதியிலோ. வீடு வீடாக நடந்து தண்டும் தூரும் சேர்த்து, ஐப்பசி மழைக்கு முன்னர் நட்டுவிட்டால் பாதி வேலையை மழை செய்யும். மார்கழியில், குளிர் இருக்கும்போதே, மல்லி விதைப்போம். பங்குனியில் மல்லி முற்றும். வலைப் பைகளைச் சித்திரையில் தைத்து வைத்திருப்போம், வைகாசியில் துளசிக் கதிரில் கட்டுவோம். ஆனியில் சோளகம் எழும்பும்போது சுளகும் அரிதட்டும் வெளியே வரும்.

அடுத்த ஆனியில் முதல் போத்தலை வெளியே எடுத்து, ஒரு நாள் ஆறவிட்டு, ஐம்பது விதையை எண்ணி ஈரக் கடதாசியில் போடுவோம்.